சேர்வராயன் மலை எஸ்டேட்டில் காட்டுயிர் பார்க்கத் தங்குவது: போன் போடுவதிலிருந்து மலை இறங்கும் வரை

ஏற்காட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு, "குரங்கைத் தவிர ஒன்றும் கண்ணில் படலை" என்று இறங்கி வருபவர்கள் நிறைய. கேட்டுப் பார்த்தால், விடிந்து வெகுநேரம் தூங்கியிருப்பார்கள். பகலெல்லாம் பாயிண்ட் பாயிண்டாகச் சுற்றியிருப்பார்கள். சாயங்காலம் ஏரிக்கரை நெரிசலில் வண்டியோடு நின்றிருப்பார்கள். தோட்டத்தில் உயிர்கள் நன்றாக நடமாடுவது விடிந்து இரண்டரை மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான். அந்த இரண்டு வேளையும் நீங்கள் தோட்டத்துக்குள் நடந்துகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்க வேண்டும். கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான்.

1. எந்த மலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. வால்பாறை மாதிரி மழைக்காடு கிடையாது. சிங்கவால் குரங்கும் பெரிய இருவாச்சியும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்கள். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பொள்ளாச்சி வழியே ஆனைமலைக்குத்தான் போக வேண்டும். யானை, புலி பார்க்கும் மலையும் இது இல்லை.

இங்கே காபித் தோட்டமும் சோலைத் துண்டுகளும் பாறைச் சரிவும் அடுத்தடுத்து வரும். காட்டெருமை (காட்டுமாடு என்றும் சொல்வார்கள்), முள்ளம்பன்றி, மரநாய், காட்டுமுயல், கீரி உண்டு. பறவைகள்தான் பெரிய வரவு: சீகாரப் பூங்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், செம்மீசைச் சின்னான், சாம்பல் காட்டுக்கோழி. பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடலாம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் பறவை அது, உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது.

சின்ன உயிர்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு பகல்பல்லிக்கு ஏற்காட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாறை இடுக்கில் விரல் நீளத்துக்கு இருக்கும். இந்த மலைக்கே உரிய ஒரு கேடயவால் பாம்பும் உண்டு. மண்ணுக்குள் வாழும், விஷமில்லாத பாம்பு. மழை பெய்தால் பாதையில் தென்படும், அதை மிதிக்காமல் நடக்க வேண்டும். இவற்றில் எதற்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்தால்தான் அடுத்த படியில் மாதத்தைத் தேர்வு செய்ய முடியும்.

2. தேதிக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பறவைக்கு என்றால் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் அப்போது தோட்டத்துக்குள் இருக்கும். கொடிக்கால் வாலாட்டி காபிச் செடிக்கு அடியில், சருகின் மேல் வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு நடக்கும். சத்தமில்லாமல் நடந்தால் அது உங்களுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும். ஆறுமணிக்குருவியும் குளிர்காலத்து வரவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரி காபிப் பழம் பறிக்கும் காலம். தோட்டமெங்கும் ஆள் நடமாட்டம் இருக்கும், உங்களோடு நடக்க வேண்டியவரும் பறிப்பு வேலையில் இருப்பார். ஆகவே பறிப்பு எந்தப் பக்கம் நடக்கிறது என்று கேட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் நடக்க ஏற்பாடு செய்யுங்கள். பிப்ரவரி பிற்பாதி எனக்குப் பிடித்த நேரம். பறிப்பு ஓய்ந்திருக்கும், கல்யாண முருங்கை பூத்திருக்கும், அதில் தேன்சிட்டும் கரிச்சானும் மைனாவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

மார்ச், ஏப்ரலில் கோடைமழை ஒன்று விழுந்தால் ஏழெட்டு நாள் கழித்துக் காபி பூக்கும். மலையே மணக்கும், தேனீக்கள் குவியும். பார்க்க அருமை, ஆனால் ஒவ்வாமை உள்ளவர்கள் யோசித்துப் போங்கள்.

மே மாதத்தைத் தவிருங்கள். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நேரம். வண்டிச் சத்தத்தில் பறவைக் குரலே காதில் விழாது. மற்ற மாதங்களிலும் சனி, ஞாயிறை விட்டு வார நாளில் போனால் வாடகையும் குறையும், சாலையும் காலியாக இருக்கும்.

தவளைக்கும் பூச்சிக்கும் என்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை. புயல் அறிவிப்பு இருந்தால் தேதியை மாற்றுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும்.

3. அறையைப் பார்த்துத் தோட்டத்தைத் தேர்வு செய்யாதீர்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நீச்சல்குளப் படத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது காபிச் செடிக்கு நிழல் தர வளர்க்கும் நிழல்மரத்தை.

முழுக்கச் சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றியிருக்கும் தோட்டத்தில் பறவை வகை குறைவு. பலா, அத்தி, நாவல், சந்தன வேம்பு என்று பல மரம் கலந்து நிற்கும் தோட்டத்தில் அதிகம். காரணம் எளிது: ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதம் பூக்கும், காய்க்கும், ஆகையால் ஆண்டு முழுக்கத் தீனி இருக்கும். பழம் பிடித்த அத்தி மரம் ஒன்று இருந்தாலே போதும், குக்குறுவானும் சின்னானும் மாம்பழச்சிட்டும் உங்களைத் தேடி வரும்.

இரண்டாவது, அமைவிடம். ஏரி, ஒண்டிக்கடை ரவுண்டானாவை ஒட்டிய இடங்கள் ஊர் சுற்றுவதற்குச் சரி. காட்டுயிருக்கு நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு போன்ற பக்கங்களில் தேடுங்கள். தோட்டத்தின் ஒரு எல்லையாவது சோலையையோ காப்புக்காட்டையோ தொட வேண்டும். காட்டெருமை அந்த எல்லையைத் தாண்டித்தான் மேய வரும். வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் காபிக்கும் காட்டுக்கும் உள்ள பச்சை வித்தியாசம் ஓரளவு தெரியும்.

மூன்றாவது, கேம்ப்ஃபயர், டிஜே என்று விளம்பரம் போடும் இடமா என்று பாருங்கள். அந்த வெளிச்சத்திலும் சத்தத்திலும் இரவு நடமாடும் எதுவும் பக்கத்தில் வராது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம்.

4. முன்பணம் கட்டும் முன் போனில் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இருக்குங்க சார்" என்றுதான் பதில் வரும். போன் போட்டுப் பேசுங்கள், முடிந்தால் தோட்டத்தின் ரைட்டரிடமோ (கணக்கு எழுதுபவர்) மேஸ்திரியிடமோ.

"காலைல எங்களோட நடக்க யாருங்கண்ணா வருவாங்க?" என்பது முதல் கேள்வி. தோட்டத்தில் வேலை செய்யும் ஆள் பெயரைச் சொன்னால் நல்ல அறிகுறி. "நீங்களே சுத்திப் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், காட்டெருமை இருக்கும் இடத்தில் அது ஆகாது.

"போன வாரம் காட்டுமாடு எந்தப் பக்கம் வந்துச்சு?" என்று அடுத்துக் கேளுங்கள். விவரம் தெரிந்தவர், எந்த மேட்டில், எந்த ஓடையில் என்று இடத்தைச் சொல்வார். "தினமும் ரூம் வாசலுக்கே வரும், கேரண்டி" என்பவரிடம் கவனமாக இருங்கள். அப்படி வருகிறதென்றால் உப்போ தீவனமோ வைக்கிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். அதை ஊக்குவிக்காதீர்கள்.

அப்புறம் சமையல். காலை ஐந்தரைக்கு வரக்காபியும் இரண்டு பிஸ்கட்டும், ஒன்பது மணிக்கு மேல் டிபனும் கிடைக்குமா என்று கேளுங்கள். இது அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் எட்டு மணிக்கு டிபன் என்று வைத்துவிட்டால் நல்ல நேரத்தில் ஒரு பகுதி சாப்பாட்டு மேசையில் போய்விடும். நடைக்கு வருபவருக்குத் தனிக் கூலியா, வாடகையில் சேர்ந்ததா என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

மருந்து தெளிப்பு பற்றியும் கேட்டுவிடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள். அந்த நாளில் அந்தப் பகுதியில் நடக்க முடியாது.

5. பையில் என்ன

இரண்டு கண்ணாடிகளில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் கேமரா லென்ஸை விட்டுப் பைனாகுலரை வாங்குங்கள். 8x42 என்று எழுதியது போதும். எட்டு என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பெருகும். நிழல்மரத்தடியில் வெளிச்சமும் குறைவு என்பதால் 42க்குக் கீழே போகாதீர்கள். வீட்டிலேயே ஒரு வாரம் தென்னை மரக் காக்காயைப் பார்த்துப் பழகிவிட்டு வாருங்கள். பறவையைக் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கம் தோட்டத்தில் வைத்துக் கற்றுக்கொள்வதற்கில்லை.

முழுக்கால் பேண்ட், முழுக்கை, மங்கிய பச்சை அல்லது காக்கி. வெள்ளையும் பளிச்சென்ற மஞ்சளும் வேண்டாம். பேண்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், மாடு மேயும் இடத்தில் உண்ணி இருக்கும். கணுக்காலை மூடும் ஷூ, மழைக்கோட்டு (குடையை விரித்தால் பறவை பறக்கும்), தலையில் கட்டும் டார்ச், அதை மூடச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம், ஸ்வெட்டர், ஒரு வெள்ளை வேட்டி. வேட்டி எதற்கு என்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியில் இந்தியத் தொகுப்பைச் சேலத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் சிக்னல் போய்ப் போய் வரும். பணமும் கையில் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019லிருந்து தடை, ஆகவே தண்ணீருக்குச் சில்வர் பாட்டில்.

6. மூன்று மணிக்குள் மேலே இருங்கள்

சேலத்திலிருந்து அடிவாரம் வழியே ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று நினைத்து மதியம் சாப்பிட்டு மூன்றரைக்குக் கிளம்புகிறார்கள். தோட்டத்துக்குள் போகும் மண்சாலை தனி, அறையில் பையை வைப்பது தனி. முதல் சாயங்காலம் அதிலேயே போய்விடும். பதினொரு மணிக்குச் சேலத்தை விட்டால் நிதானமாக இருக்கும். பேருந்தில் வருபவர்கள் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறி, ஏற்காட்டிலிருந்து தோட்டத்துக்கு ஜீப் வர முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குப்பனூர் வழியும் உண்டு. கொட்டச்சேடு பக்கம் தங்குபவர்களுக்கு அது தோது.

வழியில் குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். போட்டுப் பழக்கியதால்தான் அவை வளைவுகளில் வண்டி முன் வந்து அடிபடுகின்றன.

7. முதல் சாயங்காலம் குறைவாக நடங்கள்

வந்தவுடன் தோட்டம் முழுக்கச் சுற்ற ஆசை வரும். வேண்டாம். கூட வருபவரோடு அரை கிலோமீட்டர் நடந்து நான்கு இடங்களை மட்டும் பார்த்து வையுங்கள்: தண்ணீர் தேங்கும் இடம், பழம் பிடித்த மரம், எல்லைவேலியில் விலங்கு புகும் சந்து, வெட்டவெளிப் பாறை. நாளைக் காலையில் இருட்டோடு நடக்கும்போது இவை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். சில தோட்டங்களில் சோலார் மின்வேலி இருக்கும், அதையும் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு தண்ணீருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், நீங்கள் வந்தபோது நின்றுபோன குரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். நடந்து பார்ப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பது அதிகம் என்று சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. இந்த முதல் மாலையில் கேமராவை அறையிலேயே வைத்துவிடச் சொல்வது அதனால்தான். கையில் அது இருந்தால் உட்கார மாட்டீர்கள்.

கீழே குனிந்தும் பாருங்கள். கல்லின் மேல் காபிக் கொட்டைகள் ஒட்டிக் கிடக்கும் எச்சம் மரநாயுடையது, பழத்தைத் தின்று கொட்டையை விட்டிருக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முள் கிடந்தால் முள்ளம்பன்றி. இரவில் எங்கே காத்திருக்கலாம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

8. காட்டெருமைக்குத் தனி ஒழுங்கு

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் எடை வரை வரும். பார்க்க மந்தமாகத் தெரியும். சரிவில் ஏறும் வேகத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

எப்போதும் தோட்டத்து ஆளுக்குப் பின்னால் நடங்கள், பக்கத்தில் வேண்டாம். காபிச் செடி தோள் உயரம், அதற்குள் படுத்திருக்கும் மாடு தெரியாது. அவருக்கு வாசனையும் குளம்புத் தடமும் முன்பே சொல்லிவிடும்.

கண்டால் உடனே நில்லுங்கள். குறைந்தது ஐம்பது மீட்டர் இடைவெளி. கூட்டமாக மேயும்போது ஓரளவு அமைதியாக இருக்கும். தனித்து நிற்கும் கிழட்டு ஆணும், கன்றோடு இருக்கும் பசுவும்தான் ஆபத்து. தலையைத் தூக்கி உற்றுப் பார்ப்பது, மூச்சைச் சீறி விடுவது, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி முழுப் பருமனையும் காட்டுவது, இவை எச்சரிக்கை. அதைக் கண்டதும் முகத்தை அதன் பக்கமே வைத்து மெல்லப் பின்வாங்குங்கள். ஓடக் கூடாது, பிளாஷ் கூடாது, முதுகைக் காட்டிச் செல்ஃபி நிச்சயம் கூடாது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது, அது தப்பும் வழியையும் மறைக்கக் கூடாது. துரத்தினால் பருத்த மரத்துக்குப் பின்னால் போங்கள்.

தோட்ட எல்லையைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் போவது சட்டப்படி குற்றம். கூட வருபவர் "சும்மா கொஞ்ச தூரம்தானே" என்றாலும் மறுத்துவிடுங்கள். அபராதம் வந்தால் வேலை போவது அவருக்கு.

9. இரவில் அறையைச் சுற்றியே

இரவு நடை என்றால் அறையைச் சுற்றி நூறு மீட்டர் போதும். வாசல் விளக்கை அணைத்துப் பதினைந்து நிமிடம் இருட்டில் நின்றால் கண் பழகும். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டுவது அந்தப் பழக்கம் கெடாமல் இருக்க. மண்சாலையில் பக்கி என்ற இரவுப் பறவை உட்கார்ந்திருந்தால் அதன் கண் டார்ச் ஒளியில் கனல் போல் தெரியும்.

வேட்டியை இப்போது எடுங்கள். இரண்டு காபிச் செடிகளுக்கு நடுவே கட்டி, முன்னால் ஒரு விளக்கு வையுங்கள். நிலா இல்லாத, காற்று இல்லாத, மழைக்குப் பிந்தைய இரவென்றால் ஒரு மணி நேரத்தில் துணி நிறைய அந்துப்பூச்சிகள் வந்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இரவு கிடையாது. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்து, துணியை உதறிவிடுங்கள். இரவெல்லாம் எரிந்தால் பூச்சிகள் அங்கேயே களைத்து, காலையில் கரிச்சானுக்கு இரையாகும்.

10. விடியல்தான் முதன்மை வேளை

ஐந்தரைக்கு வரக்காபி, ஆறுக்கு வெளியே. முதலில் கேட்பது பெரும்பாலும் ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை. யாரோ பையன் பாட்டு மறந்துபோய்ச் சீட்டி அடிப்பது போல இருக்கும். அப்புறம் சின்னக் குக்குறுவான் விடாமல் கத்தும். செயலி குரலை வைத்துப் பெயர் சொல்லும், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் எழுதுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்ததாக நினைத்துக் கூட்டை விட்டு வெளியே வரும்.

பனிமூட்டம் இருந்தால் திரும்பிப் படுக்கப் போக வேண்டாம். மூட்டம் விலகி முதல் வெயில் படும் மரஉச்சிக்கு எதிரே நில்லுங்கள். குளிர்காய எல்லாப் பறவையும் அங்கேதான் வரும்.

நேற்றுப் பார்த்து வைத்த நான்கு இடங்களில் ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம். எட்டரைக்குத் திரும்பினால் போதும்.

11. நடுப்பகல்

தூங்குங்கள். தூங்க முடியாதவர்கள் தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குப் போய்வரலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் நடத்துவது. தோட்டத்து மரங்களில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டுகளுக்கு அங்கே பெயர் தெரிந்துவிடும். நான்கு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

12. பாம்பு, தேனீ, உண்ணி

மூங்கில் குழிவிரியன் பச்சையாகக் கிளையோடு கிளையாக இருக்கும். மிளகுக் கொடியைப் பார்க்காமல் பிடிக்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108க்குப் போன் போடுங்கள். நம்மூரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஆனது, குழிவிரியனுக்கு ஆகாது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். எந்தப் பாம்பு என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

மலைத்தேனீக் கூடு பாறையிலோ உயர்ந்த மரத்திலோ தொங்கினால் அந்தப் பக்கம் சென்ட் பூசிப் போகாதீர்கள், புகையும் போடாதீர்கள்.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், சுண்ணாம்பு தடவிக் காத்திருக்க வேண்டாம்.

13. இறங்கும்போது

கடைசி நாளும் காலை நடையை விடாமல் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்புங்கள். மாலை இருட்டில் இறங்கினால் வளைவில் காட்டெருமை நிற்கலாம். இரண்டாம் கியரில் இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

கூட நடந்தவருக்குக் கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள், பில்லில் சேர்த்தால் போய்ச் சேருமா என்பது சந்தேகம். பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் எங்காவது வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதர்களில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் அப்படித்தான் தொடங்கலாம். பொருக்கு இல்லாமலும் வரும். டாக்டரிடம் "மலைத் தோட்டத்தில் தங்கியிருந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் அந்தச் சோதனையையும் எழுதுவார்.